அப்பா பெயரில் ஒரு சிப்பாய்

காவலர் தேர்வின் உடல்தகுதி நாளன்று என்னை மூன்று முறை அளந்தார்கள். முதலில் அளந்த பெண் காவலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ நில்லும்மா, குதிகாலச் செவத்தோட ஒட்டி நில்லு" என்றார். நின்றேன். அதே அளவுதான். அவரே பக்கத்தில் இருந்த அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அதிகாரியும் அளந்தார். உயரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. எழுத்துத் தேர்வில் தேறி, ஆறு மாதம் ஓடிப் பழகி, அன்று எல்லோருக்கும் முன்பாகத் திடலுக்கு வந்து நின்றவள் நான். என்னை ஓடவே விடவில்லை. கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது உள்ளே முதல் ஓட்டத்துக்கு விசில் ஊதினார்கள். அந்தச் சத்தத்துக்கு என் கால் தானாகத் துடித்தது.

அன்று நான் அழவில்லை. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன், வீட்டுக்குப் போனேன், மறுநாளே வேலை தேடினேன். கீரமங்கலத்தில் ஒரு இ-சேவை மையத்தில் கணினியில் உட்கார ஆள் வேண்டும் என்றார்கள். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, பாஸ்போர்ட் என்று யார் எதற்கு வந்தாலும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டியிருப்பார்கள். அதனால் பாஸ்போர்ட்டுக்குத்தான் கூட்டம் அதிகம். இரண்டு வருடத்தில் நான் எத்தனை பேரை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தேன் என்று எனக்கே தெரியாது. சிங்கப்பூர், துபாய், கத்தார் எல்லாம் என் விரலடியில் இருந்தன. நான் மட்டும் அதே நாற்காலியில் இருந்தேன்.

ஒருநாள் மணமேல்குடியிலிருந்து ஒரு நர்ஸ் அக்கா வந்தார். இங்கிலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, விசா விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தர வேண்டும் என்றார். அந்த நாட்டு அரசாங்கத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு விதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். எதையோ தேடப்போய் வேறு ஒரு பக்கம் திறந்துகொண்டது. அவர்கள் ராணுவத்தில் சேர்வது பற்றிய பக்கம். கீழே ஒரு பட்டியல் இருந்தது. ஒரு காலத்தில் அவர்கள் ஆண்டு, இன்று காமன்வெல்த் என்ற கூட்டமைப்பில் இருக்கும் நாடுகளின் குடிமக்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. அகர வரிசையில் விரலை ஓட்டினேன். இந்தியா இருந்தது. பெண்களும் சேரலாம். உயரத்துக்கு என்ன அளவு என்று தேடினேன். அதற்கு மேலே நான் தாராளமாக இருந்தேன்.

"என்னம்மா, எதுவும் தப்பாப் போச்சா? மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சே" என்றார் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. ஒங்க வேல சரியாத்தான் இருக்கு" என்றேன். என் கை மட்டும் மவுஸை விட்டு நகரவில்லை.

அன்று மாலைக்குள் அந்தப் பக்கத்தை ஏழெட்டு முறை படித்திருப்பேன். கல்லூரியில் மூன்று வருடம் தேசிய மாணவர் படையில் இருந்தவள் நான். பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரிசையில் நடக்கும்போது வருகிற அந்த ஒரே சத்தம், முகாமில் கூடாரத்துக்கு முளையடித்தது, வரைபடத்தை வைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்தது, இவையெல்லாம்தான் என் கல்லூரி நாட்கள். பட்டம் எதில் வாங்கினேன் என்று கேட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வேன். நம் ராணுவத்துக்கும் விண்ணப்பித்துப் பார்த்தவள்தான். தேர்வில் ஒருமுறை தவறினேன். அடுத்த முறை எழுதும் முன்பே வயது தாண்டிவிட்டது. எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று நினைத்திருந்தவளுக்கு, எங்கோ ஒரு கதவு சும்மா சாத்தித்தான் இருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

வீட்டில் சொன்னேன். அம்மா முல்லை அரும்புகளைப் படி போட்டு அளந்து பையில் கொட்டிக்கொண்டிருந்தார். அப்பா தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவினார். எங்களுக்கு முல்லையும் கனகாம்பரமுமாக ஒரு ஏக்கர். பூச்சந்தையை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு. நான் சொல்லி முடித்ததும் அப்பா முகம் துடைத்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆத்தா, நீயும் நியூஸ் பாக்குறேல்ல? வேலைக்குன்னு வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, துப்பாக்கியக் கையில குடுத்துச் சண்டையில நிப்பாட்டிருக்கான். பயலுக ஊருக்கு வர முடியாம வீடியோவுல அழுவுறாய்ங்க. அது ஒனக்குத் தெரியாதா?"

"அது ஏமாத்து வேலைப்பா. அவங்களுக்கு எதுக்குப் போறோம்னே தெரியாது. நான் தெரிஞ்சே போறேன்."

"தெரிஞ்சே போறதுதான் இன்னும் மோசம்" என்றார் அப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெள்ளக்காரன அனுப்பி வச்சு இம்புட்டு வருசம் ஆச்சு. இப்ப நீயாத் தேடிப் போயி அவனுக்குச் சல்யூட் அடிக்கணுமா?" என்று கேட்டார்.

அம்மா படியைக் கீழே வைத்துவிட்டு, "சோத்த எடுத்து வைக்கவா? வயித்துல எதுவும் இல்லாம ரெண்டு பேரும் பேசாதீக" என்றார்.

ஒரு மாதம் அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று, "கெளம்பு, புதுக்கோட்டை வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார். அப்பா கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் வளைகுடாவில் கொத்தனாராக இருந்தவர். புதுக்கோட்டை ஏஜெண்ட் ஒருவர் மூலமாகத்தான் போனார். அவரைப் பொறுத்தவரை ஏஜெண்ட் இல்லாமல் எந்த நாடும் கிடையாது. "ஒரு பொம்பளப் புள்ளைய, இன்டர்நெட்டுல எழுதிப் போட்ட ஒடனே சும்மா எடுத்துக்குருவானா? முறையா ஒரு ஆள வச்சுச் செய்வோம்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த ஒரு மாதமும் அவர் வேண்டாம் என்று யோசிக்கவில்லை, எப்படி என்று யோசித்திருக்கிறார்.

அந்த ஏஜெண்ட் இப்போது இல்லை, வேறொருவர் இருந்தார். குளிர்சாதன அறை, சுவரில் விமானப் படங்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

"தாராளமா அனுப்பிரலாம்ங்க. போன மாசம் கூட மூணு பேர அனுப்பிருக்கேன். ஆர்மி விசா, ரெண்டு வருச கான்ட்ராக்ட். பாஸ்போர்ட்ட மட்டும் இன்னைக்கே குடுத்துட்டுப் போங்க."

இரண்டு வருடம் விண்ணப்பம் நிரப்பியவளிடம் அவர் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "எந்தப் பிரிவுக்குங்க அனுப்பினீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஜெனரல் கேட்டகிரிதான்."

"அப்படி ஒரு பிரிவே அதுல இல்லைங்களே. ரெண்டு வருச கான்ட்ராக்டும் கெடையாது. விண்ணப்பத்தை நாமளே நேராத்தான் போடணும், நடுவுல யாருக்கும் எதுவும் குடுக்கக் கூடாதுன்னு அவங்க தளத்துலயே போட்டுருக்கு. செலக்சனுக்கு நாமளே அங்கிட்டுப் போயி ஓடிக் காட்டணும். ஒங்க மூணு பேரு எங்க ஓடினாங்க?"

அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, "பாப்பா ரொம்பப் படிச்சிருச்சு போல" என்றார். அப்பா எழுந்தார். மேஜை மேல் இருந்த என் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆமாங்க, படிச்சிருச்சு. வாரோம்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் படியிறங்கினார்.

பேருந்தில் ஆலங்குடி வரும்வரை அப்பா ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த ஓட்டம் எத்தன கிலோமீட்டரு?"

"ரெண்டுப்பா. பதினோரு நிமிசத்துக்குள்ள வந்துட்டாப் பயமில்ல."

"இப்ப நீ எத்தனைல வார?"

"பதிமூணரை."

"அப்பன்னா நாளைக்கே ஆரம்பி" என்றார்.

எனக்கு அந்தப் பேருந்தை விட்டு இறங்கி அங்கேயே ஓட வேண்டும் போல இருந்தது.

ஓடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. காவலர் தேர்வுக்கு ஓடியபோது புதுக்கோட்டையில் விடுதியில் இருந்தேன், மைதானம் இருந்தது. இங்கே தார்ச்சாலைதான். வயதுக்கு வந்த பெண் தனியாக விடியற்காலையில் ஓடினால் ஊர் நான்கு விதமாகப் பேசும். அம்மா அதற்கு ஒரு வழி கண்டார். பூ எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிற டி.வி.எஸ் வண்டியில் அவர் வருவார்; அவருக்கு முன்னால் நான் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. பின்னால் பூ மூட்டையோடு அம்மா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்ப்பார். வண்டி மெதுவாகப் போக மறுத்து அடிக்கடி நின்றுவிடும். அப்போது அம்மா, "நீ நிக்காத, போ. நான் வந்து சேந்துக்குறேன்" என்று கத்துவார். முதல் வாரத்தில் சந்தைக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "என்ன, மகளோட சண்டையா? வெரட்டிட்டு வாரீக?" என்று கேட்டார்கள். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. டீக்கடை வாசலில் நின்றிருப்பவர்கள், "இன்னைக்கு எத்தன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா வண்டியை நிறுத்தாமலேயே "பன்னெண்டு பத்து" என்று பதில் சொல்லிக்கொண்டு போவார்.

ஓட்டம் தவிர இன்னும் இரண்டு சோதனைகள் இருந்தன. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, நான்கு கிலோ பந்து ஒன்றை நெஞ்சிலிருந்து தள்ளி எறிய வேண்டும். பந்துக்கு எங்கே போவது? கொல்லையில் பலா காய்த்துக் கிடந்தது. நான்கு கிலோவுக்குச் சரியாக ஒரு காயைத் தேர்ந்தெடுத்துச் சாக்கில் கட்டி எறிந்தேன். மூன்று நாள் நன்றாகத்தான் போனது. நான்காம் நாள் சாக்கு முழுவதும் பால் வழிந்து, என் கை, சட்டை, தலைமுடி எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அம்மா தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து என் தலையில் தேய்த்துக்கொண்டே, "நல்ல வெலைக்குப் போற காய இப்புடி நாசம் பண்ணிட்டியேடி" என்று திட்டினார். மறுநாள் என் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, மணலை நிரப்பி, இரண்டு முனையையும் தைத்து என் முன்னால் போட்டார். எடை போட்டுப் பார்த்தேன். ஐம்பது கிராம் கூட இருந்தது. "இருக்கட்டும். அங்க லேசாத் தெரியும்ல" என்றார்.

இன்னொரு சோதனை, தரையோடு பிணைத்த ஒரு இரும்புக் கம்பியை நின்றபடி மேல்நோக்கி இழுப்பது. அது அசையாது, நாம் எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்று கருவி காட்டும். இதை எப்படிப் பழகுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்தால், தென்னை மரத்தடியில் கடப்பாரை ஒன்று குறுக்காகக் கிடந்தது. இரண்டு முனையிலும் கயிறு கட்டி, தூக்கினால் என் தொடை உயரத்துக்கு மேல் வராதபடி கயிற்றைத் தரையில் புதைத்த கல்லில் இறுக்கியிருந்தார் அப்பா. கை வழுக்காமல் இருக்கப் பிடிக்கிற இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். அவர் அங்கே இல்லை. தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். நான் குனிந்து பிடித்து முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்தேன். கல் அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு ஆழமாகப் புதைத்திருந்தார்.

ஐந்தாவது மாதம் பத்து நிமிடம் ஐம்பது விநாடியில் ஓடினேன். அம்மா வண்டியை நிறுத்திவிட்டு செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சரியா ஓடுதா, இல்ல நின்னு போச்சா?" என்று கேட்டார்.

விண்ணப்பம் போட்டு, மருத்துவக் கேள்விகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதி, கேட்ட தாள்களையெல்லாம் அனுப்பி, காத்திருந்தேன். ஒரு மத்தியானம் இ-சேவை மையத்தில் ஒரு பெரியவருக்கு ஆதாரில் கைபேசி எண் மாற்றிக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. தேர்வு மையத்துக்கு நேரில் வரச் சொல்லி நாள் கொடுத்திருந்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பெரியவர் பயந்துபோய், "ஏன்த்தா, என் நம்பரு மாறலயா?" என்றார். "மாறிருச்சு தாத்தா, எல்லாம் மாறிருச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அவர் வேலையை முடித்துக் கொடுத்தேன்.

திருச்சியிலிருந்து விமானம் ஏறினேன். அதுதான் முதல் விமானப் பயணம். தேர்வு முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். சும்மா பார்வையாளர் விசாதான். தங்குவதற்கு இடம் கொடுத்தது யார் தெரியுமா? மணமேல்குடி நர்ஸ் அக்கா. அவர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் ஒரு செய்தி அனுப்பினேன். "எனக்கு விசா வாங்கிக் குடுத்த புள்ள நீ. ஒனக்கு எடம் இல்லாமயா?" என்று உடனே பதில் வந்தது. விமான நிலையத்துக்கு அவரே வந்தார், கையில் தனக்குப் பெரிதாக இருந்த ஒரு குளிர்க்கோட்டோடு. நல்ல வேளை. வெளியே கதவு திறந்ததும் குளிர் என் பல்லைத் தொட்டது. மூக்கிலும் காதிலும் குளிரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பல்லில் குளிரும் என்று யாரும் சொல்லவில்லை.

தேர்வு மையத்தில் எனக்கு ஒரு எண் கொடுத்து மார்பில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பிஜியிலிருந்தும் கானாவிலிருந்தும் வந்தவர்கள் என் பக்கத்தில் இருந்தார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பதினெட்டு பத்தொன்பது வயதுதான் இருக்கும். கானாப் பெண் ஒருத்தி பயத்தில் ஓயாமல் பேசினாள். நான் பயத்தில் வாயே திறக்கவில்லை. பந்தை எறிந்தேன். அம்மா சொன்னது சரி, லேசாகத்தான் இருந்தது. கம்பியை இழுத்தேன். கருவியைப் பார்த்த பயிற்சியாளர் புருவத்தை உயர்த்தி எழுதிக்கொண்டார்.

ஓட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். முதல் அரைக் கிலோமீட்டரிலேயே குளிர்க்காற்று நெஞ்சுக்குள் போய் எரிந்தது. மூச்சு நுரையீரலின் பாதியோடு திரும்பி வந்தது. முன்னால் போனவர்களின் முதுகுகள் தூரமாகிக்கொண்டே போயின. எனக்குப் பின்னால் டி.வி.எஸ் சத்தம் இல்லை. ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் உடம்பு எப்படியோ சூட்டைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு ஒவ்வொரு முதுகாகப் பிடித்தேன். கடைசி வளைவில் ஒரு பயிற்சியாளர் நின்று கைதட்டிக்கொண்டே ஏதோ கத்தினார். அவர் சொன்ன ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் போ என்கிறார் என்பது புரிந்தது. பதினோரு நிமிடத்துக்கு நான்கு விநாடி குறைவாக வந்து புல்லில் விழுந்தேன்.

மறுநாள் நேர்காணல். எதிரில் உட்கார்ந்திருந்த அதிகாரி அன்பாகத்தான் பேசினார். நான் பயந்த கேள்வியைக் கடைசியில் கேட்டார். இது உன் நாடு இல்லை. இந்த நாட்டுக்காக நீ ஏன் சீருடை போட வேண்டும்?

மனப்பாடம் செய்துவைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னேன். உங்கள் நாட்டை நேசிக்கிறேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நான் வந்து நான்கு நாள்தான் ஆகிறது. என் நாட்டின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் சிப்பாயாக வேண்டும் என்பது பதினெட்டு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொள்ள நீங்கள் இடம் கொடுத்தால், கொடுத்த இடத்தில் ஒழுங்காக நிற்பேன். இவ்வளவுதான் சொன்னேன். பெரிய பதில் இல்லை. "ஒழுங்காக நிற்பது பெரிய விஷயம்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர் பேனாவை மூடினார்.

அன்று மதியமே தேர்வானவர்களைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். என் எண்ணைச் சொன்னபோது கானாப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவள் எண்ணையும் சொன்னார்கள். இந்தத் தடவை நானும் குதித்தேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். அம்மா எடுத்தார்.

"எடுத்துட்டாங்கம்மா."

"எதை?"

"என்னைத்தாம்மா."

அம்மா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத குரலில், "இந்தாங்க, ஒங்க மக" என்று போனை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா கேட்ட முதல் கேள்வி, "குளிருக்கு என்ன போட்டுருக்க?"

ஊருக்குத் திரும்பி, பயிற்சிக்கு நாள் வரும்வரை சில மாதம் காத்திருந்தேன். அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கல்யாணம் பேசி வந்தவர்கள் வராமல் போனார்கள். வராதவர்கள் பார்க்க வந்தார்கள். கல்லூரியில் எனக்குக் கீழே மாணவர் படையில் இருந்த இரண்டு பெண்கள் இ-சேவை மையத்துக்கே வந்து, அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி எழுதிக்கொண்டு போனார்கள். கிளம்புகிற அன்று அப்பா விமான நிலையத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்க ஏதோ சத்தியம் பண்ணணுமாமே?"

"ஆமாப்பா. அவங்க அரசருக்கு உண்மையா இருப்பேன்னு. பாஸ்போர்ட்டு நம்மளதுதான், அது மாறாது."

"அது எனக்குத் தெரியும், கேட்டு வச்சுட்டேன். நான் சொல்ல வந்தது வேற. வாக்குக் குடுத்தாக் குடுத்ததுதான். பாதி மனசோட குடுக்காத. குடுக்க மனசு வரலைன்னா அன்னைக்கே கெளம்பி வந்துரு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

பயிற்சி முகாமில் அந்த நாள் வந்தது. ஒரு பெரிய கூடத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். புனித நூல் ஒன்றைத் தொட்டும் சொல்லலாம், வெறும் உறுதிமொழியாகவும் சொல்லலாம் என்றார்கள். நான் உறுதிமொழியாகச் சொன்னேன். வார்த்தைகளை ஒவ்வொன்றாக, புரிந்துகொண்டு சொன்னேன். பாதி மனசு இல்லை என்பது சொல்லி முடிக்கும்போது எனக்கே தெரிந்தது.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கும். ராணுவத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், குடும்பப் பெயர்தான். ஆக, முதல் நாள் காலையிலிருந்து என் சார்ஜென்ட் என்னை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதுவும் அவர் வாயில் அது நீண்டு, நசுங்கி, நடுவில் ஒரு எழுத்தை முழுங்கி வெளியே வந்தது. கட்டில் விரிப்பில் சுருக்கம் இருந்தால் அப்பா பெயர். பூட்ஸில் பளபளப்புக் குறைந்தால் அப்பா பெயர். சேற்றில் தவழும்போது பின்னாலிருந்து அப்பா பெயர். முதல் ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொன்னேன். அப்பா சிரித்த சிரிப்பில் போனைக் கீழே போட்டுவிட்டார். அம்மா எடுத்துப் பேசினார். "இந்த வீட்டுல இவுக பேரச் சொல்லி யாரும் கூப்புட்டது இல்ல. அங்கிட்டு ஒரு வெள்ளக்காரன் காலையில இருந்து ஏசிக்கிட்டு இருக்கானாக்கும்?" அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் அப்பாவின் முதல் கேள்வி, "இந்த வாரம் நான் எத்தன தடவ திட்டு வாங்குனேன்?" என்பதுதான்.

எல்லா நாளும் வேடிக்கையாக இருக்கவில்லை. மூன்றாவது வாரம் குதிகால் இரண்டும் கொப்புளமாகி, காலுறையைக் கழற்றினால் தோலும் கூட வந்தது. நான் பேசுகிற ஆங்கிலம் அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. வேகமாக ஒரு உத்தரவு வந்தால் பக்கத்தில் இருப்பவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்துத் திரும்புவேன். அவளும் தவறாகத் திரும்பினால் இரண்டு பேருக்கும் தண்டனை. வெந்த உருளைக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு மரத்துப்போனது. ஆனாலும் ஒரு நாள்கூட ஏன் வந்தோம் என்று தோன்றவில்லை. காலையில் எழுந்ததும், மழை பெய்துகொண்டிருந்தாலும், இன்றைக்கு என்ன கற்றுக்கொடுப்பார்கள் என்று மனசு பரபரக்கும். வரைபடத்தைக் கையில் கொடுத்து மலைக்காட்டில் விட்டபோது, எங்கள் குழுவை வழி தவறாமல் கொண்டுவந்து சேர்த்தவள் நான்தான். அன்று சார்ஜென்ட் அப்பா பெயரைச் சொல்லி "நன்று" என்றார். ஒரே ஒரு சொல். அதை ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அப்புடியா சொன்னாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மூன்றரை மாதம் முடிந்து அணிவகுப்பு. எல்லோருக்கும் குடும்பத்தார் வந்திருந்தார்கள். அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. எனக்காக மணமேல்குடி அக்கா வந்தார், அவர் வேலை செய்யும் இல்லத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, பட்டுச் சேலை மேல் அந்தக் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு. வீடியோ அழைப்பில் எங்கள் வீட்டைப் பிடித்து, அணிவகுப்பு முழுவதும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றாராம். பேண்டு வாத்தியம் முழங்க, முப்பது நாற்பது பூட்ஸ்கள் ஒரே சத்தமாக விழ, நான் தலையைத் திருப்பாமல் நேராகப் பார்த்து நடந்தேன். எனக்கு அக்கா எங்கே நிற்கிறார் என்று தெரியாது. அணி கலைந்ததும் அவர் ஓடி வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் அப்பா, அம்மா, அவர்களுக்குப் பின்னால் தெருவே நின்றது.

"எதுடி நீயி? எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு. நான் கடைசி வரைக்கும் வேற ஒருத்தியப் பாத்துக் கும்புட்டுக்கிட்டு இருந்துருக்கேன்" என்றார் அம்மா.

"மூணாவது வரிசை" என்றார் அப்பா. "நான் முதல்லயே பாத்துட்டேன்." துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது நான் போக்குவரத்துப் பிரிவில் இருக்கிறேன். பெரிய ராணுவ லாரி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். ஏறி உட்கார மூன்று படி. உயரம் குறைவு என்பதால் இருக்கையை முன்னால் கொஞ்சம் தள்ளிக்கொண்டேன்; அதை யாரும் ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை முதல்முறையாகச் சாலையில் எடுக்கச் சொன்னார்கள். பக்கத்தில் பயிற்சியாளர், பின்னால் ஒன்பது டன் சுமை, முன்னால் மழையில் நனைந்த ஒரு நீண்ட மேட்டுச் சாலை. கியரைப் போட்டு மெல்ல நகர்த்தினேன். வண்டி முழுவதும் ஒருமுறை அதிர்ந்து, பிறகு என் பேச்சைக் கேட்டு நடக்க ஆரம்பித்தது. மேட்டின் உச்சிக்கு வந்ததும் பயிற்சியாளர் இடப்பக்கம் கை காட்டினார். நான் கண்ணாடியைப் பார்த்தேன், விளக்கைப் போட்டேன், திருப்பினேன்.